இத்தாலிய மொழியில் செத்துப்போன மீன்

பல்லாரோ சந்தையில் மீன் விற்க இத்தாலிய மொழி உதவாது என்பதை நான் ஒரு சனிக்கிழமை காலையில், சந்தையே வேடிக்கை பார்த்திருக்க, கற்றுக்கொண்டேன். முதலிலேயே யாராவது ஒருவர் காதில் போட்டிருக்கலாம். போடவில்லை. சிரிப்பு வரக்கூடிய எந்தக் காரியத்தையும் அந்த ஊரில் யாரும் இடையில் புகுந்து தடுப்பதில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நானும் மனைவியும் இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலேர்மோவுக்கு வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. இருவரும் யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதி ஆட்கள், கத்தோலிக்கர். மனைவிக்கு லிபெர்த்தா என்ற பணக்காரப் பகுதியில் ஒரு சின்யோராவின், அதாவது சீமாட்டியின், வீட்டில் வேலை. எனக்குக் கோடையில் மொண்டெல்லோ கடற்கரை உணவகங்களில் கோப்பை கழுவக் கிடைக்கும். கோடை முடிந்தால் அதுவும் முடியும். அந்த வருடம் கோடை முடிந்தபோது பல்லாரோவில் ஒரு மீன்கடைக்காரர் என்னைச் சேர்த்துக்கொண்டார். பெட்டி தூக்குவது, ஐஸ் உடைப்பது, செதில் உரிப்பது, கடைசியில் பலகைகளைக் கழுவிவிடுவது என் வேலை. மீன் நாற்றம் எனக்குப் புதிதல்ல. மனைவிக்கும் புதிதல்ல. ஆனால் லிபெர்த்தாவுக்குப் போய்வரத் தொடங்கியபின் அவளுக்கு அது திடீரென்று புதிதாகிவிட்டது.

முதலாளி குட்டையான, தடித்த மனிதர். குரல் மட்டும் ஆளைவிட இரண்டு மடங்கு. பல்லாரோவில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை கிடையாது, குரல்தான் பலகை. கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் எந்த மூலையில் யார் நிற்கிறார் என்று சொல்லிவிடலாம். மீனின் பெயரைச் சொல்லி, இழுத்து, நடுவில் ஒரு வெட்டு வெட்டி, மறுபடி மேலே தூக்கிக் கூவுவார்கள். அது பாட்டுமில்லை, பேச்சுமில்லை. கோவில் பாட்டுக்குழுவில் நான் முன்வரிசைப் பாடகன். ஆகவே குரல் என்றால் என்னவென்று தெரிந்தவன் என்று என்னைப் பற்றி எனக்கு ஓர் உயர்ந்த அபிப்பிராயம் இருந்தது. அந்த அபிப்பிராயம்தான் பிறகு என்னை மாட்டிவிட்டது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பலேர்மோவில் இரண்டு மொழிகள் புழங்கின. பள்ளிக்கூடம், தொலைக்காட்சி, எங்கள் தங்கும் அனுமதியைப் பார்க்கும் பொலிஸ் அலுவலகமான குவெஸ்தூரா, லிபெர்த்தாவின் வரவேற்பறைகள் எல்லாம் இத்தாலிய மொழி. சந்தை, மீன்படகு, சண்டை, சமாதானம் எல்லாம் சிசிலிய மொழி. எனக்கு இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாகக் காதில் ஏறியவை. முதலாளி பேசும் சிசிலியம் எனக்கு யாழ்ப்பாணப் பேச்சாகவே கேட்டது. எங்களைப் போலவே வினைச்சொல்லைக் கடைசியில் கொண்டுபோய் வைத்து அடிப்பார். இத்தாலிய மொழியோ வானொலிச் செய்திபோலக் கேட்டது. ஆகவே இதில் சிசிலியம் பேசியவர்களை எங்கள் பேச்சிலும், இத்தாலியம் பேசியவர்களைப் புத்தகத் தமிழிலும் பேசவிடுகிறேன். எனக்குக் கேட்டது அப்படித்தான்.

நவம்பரில் முதலாளிக்குத் தொண்டையில் சத்திரசிகிச்சை செய்தார்கள். ஆபத்து நீங்கிவிட்டது, ஆனால் இனி உரத்துப் பேசவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். கழுத்தில் சால்வையைச் சுற்றிக்கொண்டு கடைக்கு வந்து நின்றார். காற்றாகத்தான் பேச்சு வந்தது. எத்தனையோ வருட வாடிக்கைக்காரர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் காதால் நடந்து வந்தவர்கள், எங்கள் மூலையில் சத்தமில்லை, அவ்வளவுதான். எதிர்க்கடைக்காரர் நெடிய, மீசைக்கார மனிதர். அவர் குரலுக்கு எங்கள் பலகையில் கிடந்த நண்டுகளே திரும்பிப் பார்க்கும். எங்கள் இடத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ள அவருக்கு நெடுநாள் ஆசை.

ஒருநாள் மத்தியானம் முதலாளி என்னைப் பெட்டிகளுக்குப் பின்னால் இழுத்துப்போனார்.

"தம்பி, நீ கோயில்லை பாடுறனியாமே?"

"ஓம், முதலாளி."

"அப்ப இனி நீ கூப்பிடு. நத்தார் மட்டும் பாப்பம். சரிவராட்டி இந்த இடத்தை உவனுக்குக் குடுத்திட்டு நான் வீட்டை போய்க் கிடக்கிறன்."

கிறிஸ்துமஸ் வரைதான் தவணை. சொல்லும்போது அவர் எதிர்க்கடையைப் பார்க்கவில்லை, எங்கள் பலகையைத்தான் பார்த்தார். அவருடைய தகப்பனும் நின்ற இடம் அது. மறுத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதோடு, உண்மையைச் சொல்வதென்றால், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் உடனே பொறுப்பை எடுத்துக்கொண்டாள்.

"மீன் விக்கிறதெண்டாலும் மரியாதையா விக்கவேணும், இஞ்சாருங்கோ. உந்தச் சந்தைச் சனம் மாதிரிக் கத்தாதேங்கோ. நாங்கள் கோயில்லை இத்தாலியன் படிச்சது என்னத்துக்கு?"

பங்குக்கோவில் மண்டபத்தில் ஞாயிறு தோறும் நடந்த வகுப்பில் நாங்கள் இருவரும் ஒழுங்காகப் படித்தோம். அந்தப் படிப்பையெல்லாம் திரட்டி ஒரு கூவலை எழுதினோம். மனைவி அதைச் சின்யோராவிடம் கொண்டுபோய்த் திருத்திக்கொண்டு வந்தாள். எதற்கென்று சின்யோரா கேட்டபோது, ஏதோ ஒரு விழாவுக்கு என்று சொல்லிவிட்டாளாம். சின்யோரா மகிழ்ந்துபோய், 'மிகுந்த பணிவுடன்' என்று ஒரு சொல்லைத் தன் பங்குக்குச் சேர்த்துவிட்டிருந்தார். நான் குளியலறையில் நின்று பயிற்சி செய்தேன். எதிரொலி அபாரமாக இருந்தது.

சனிக்கிழமை காலை. சந்தை நிறைந்த சனம். முதலாளி தலையை ஆட்டினார். நான் கழுவிய ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, கோவிலில் தனிப்பாடலுக்கு எடுக்கும் சுருதியை எடுத்துத் தொடங்கினேன்.

"மதிப்பிற்குரிய சீமாட்டிகளே! எங்களிடம் இன்று மிகவும் புதிய மீன்கள் உள்ளன. மிகுந்த பணிவுடன் தங்களை அருகே அழைக்கிறோம்!"

முதலில் ஓர் அமைதி. பல்லாரோவில் அப்படியோர் அமைதியை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. பக்கத்துக் காய்கறிக்காரர், வந்திருப்பது நகரசபை ஆள் என்று நினைத்துத் தன் தராசை மெல்லப் பலகைக்குக் கீழே தள்ளினார். எதிர்க்கடைக்காரர் தொப்பியைக் கழற்றி, இடுப்பு வளைத்து, எனக்கு ஒரு ராஜ வணக்கம் வைத்தார். கறுப்புச் சட்டை போட்ட ஒரு அம்மா கூடையோடு கிட்ட வந்து, மீனை மூக்குக்கு நேரே பிடித்து மணந்து பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்.

"மோனை, இது கடலில்லாத மிலானிலையிருந்து ஐஸ்பெட்டியிலை வந்த மீனோ?"

அவ்வளவுதான். சந்தை வெடித்துச் சிரித்தது. முதலாளியும் சிரித்தார், சத்தமில்லாமல், தொண்டையைக் கையால் பிடித்துக்கொண்டு, கண்ணால் தண்ணீர் ஓடச் சிரித்தார். பிறகு என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"தம்பி, மீனைக் கொண்டந்தது உயிரோடை. நீ இத்தாலியத்திலை கூப்பிட்டாய், செத்துப்போச்சு."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஏப்ரனைக் கழற்றிப் பெட்டியில் எறிந்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன். இவர்களுக்குக் கடைசியில் என்னதான் வேண்டும்? தங்கள் நாட்டு மொழியைத் திருத்தமாகப் பேசினால் சிரிக்கிறார்கள், பேசாவிட்டால் குவெஸ்தூராவில் முறைக்கிறார்கள். மனைவியும் என்னோடு சேர்ந்து கோபப்பட்டாள். சந்தைச் சனத்துக்குப் படிப்பில்லை என்றாள். கோபப்பட்டுக்கொண்டே சோறு போட்டாள். பாதிச் சோற்றில் எனக்கு ஒரு யோசனை வந்தது.

"இஞ்சாரும், எங்கடை யாழ்ப்பாணம் சின்னக்கடை மீன்சந்தையிலை ஒருத்தன் நிண்டு, 'பெருமதிப்பிற்குரிய தாய்மார்களே, எம்மிடம் தரமான திருக்கை உண்டு' எண்டு கூப்பிட்டா நீர் என்ன செய்வீர்?"

மனைவி கரண்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். சிரிப்பு அடங்குவதாக இல்லை. "பொலிஸ் எண்டு நினைச்சு ஓடியிருப்பன்" என்றாள். எனக்குக் கோபம் போய்விட்டது. அந்த மொழிதான் திருத்தமான மொழி, அதில் பிழையே இல்லை. ஆனால் அந்த மொழியில் யாரும் பசித்ததில்லை, யாரும் பேரம் பேசியதில்லை. எங்கள் வீட்டுத் தமிழுக்கும் எங்கள் பாடப்புத்தகத் தமிழுக்கும் நடுவில் இருக்கும் அதே இடைவெளியில்தான் நான் அன்று காலை கால் வைத்து விழுந்திருந்தேன்.

திங்கட்கிழமை மீன்படகுகள் வருவதில்லை. செவ்வாய்க்கிழமை போனேன். முதலாளி ஏப்ரனை நீட்டினார், துவைத்து மடித்திருந்தது.

அன்றிலிருந்து புதிய முறை. அவர் என் காதுக்குள் காற்றாகச் சொல்லுவார், நான் வாய்விட்டுக் கூவுவேன். "உயிரோடை கிடக்கு, உயிரோடை!" என்று அவர் மூச்சுவிட்டால், அதே இழுப்பு, அதே வெட்டு, அதே தூக்கலில் நான் தெருவுக்கு அனுப்புவேன். முதல் நாட்களில் சந்தை என்னை 'றேடியோ' என்று கூப்பிட்டது. கூவி முடிந்ததும் என்னையறியாமல் வாலாக, அசல் தமிழிலேயே, ஒரு "வாங்கோ, வாங்கோ!" வந்து ஒட்டிக்கொள்ளும். முதலாளி அதை என்னவென்று கேட்டார். சொன்னேன். "நல்லாயிருக்கு, விடு" என்றார். ஒரு கிழமைக்குள் காய்கறிக்காரரும் தன் கத்தரிக்காயை "வாங்கோ" என்று விற்றார். மிலான் மீனோ என்று கேட்ட அம்மா திரும்பி வந்து சாளை வாங்கினார். எதிர்க்கடைக்காரர் சத்தத்தைக் கூட்டினார். அதுவே எங்களுக்குப் பெரிய மரியாதை.

வீட்டில்தான் மரியாதை குறைந்தது. சமையலறையில் என்னையறியாமல் கூவத் தொடங்கினால் மனைவி கையை நீட்டி வாசலைக் காட்டுவாள். "உந்தச் சந்தைக் கதையை வெளியிலை விட்டிட்டு உள்ளுக்கை வாங்கோ." ஆனால் ஒருநாள் தானே இறைச்சிக்கடைக்குப் போய், லிபெர்த்தாவில் பழகிய, இஸ்திரி போட்ட இத்தாலியத்தில் கேட்டிருக்கிறாள். கடைக்காரர் எழும்பி நின்று, கதிரை போட்டு இருத்தி, உள்ளதற்குள் மோசமான இறைச்சியைப் பொதிந்து கொடுத்து, "மேடம்" என்று வழியனுப்பியிருக்கிறார். அதற்குப் பிறகு இறைச்சிக்கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். சந்தைக் கதையை அங்கே நான் தாராளமாகக் கதைக்கலாம் என்று அனுமதி கிடைத்தது.

முதலாளிக்கு ஒரே மகள், பல்கலைக்கழகத்தில் படித்தாள். தகப்பனுக்கு நோய் வந்தபின், தாய் அனுப்ப, சனிக்கிழமைகளில் மருந்தும் கோப்பியும் கொண்டு கடைக்கு வருவாள். வந்தால் எலுமிச்சம்பழங்களை மீனுக்கு நடுவில் அழகாக அடுக்கிவிடுவாள். தகப்பனும் மகளும் பேசுவதைக் கேட்டால் எனக்குச் சங்கடமாக இருக்கும்.

"மகளே, நீ உணவு அருந்தினாயா?"

"ஆம், அப்பா. தாங்கள் மருந்து எடுத்துக்கொண்டீர்களா?"

அதோடு பேச்சு முடிந்துவிடும். உலகத்தில் எல்லோரோடும் சிசிலியத்தில் சண்டைபிடித்துச் சிரிக்கும் மனிதர், பெற்ற மகளோடு மட்டும் இத்தாலியத்தில் தட்டுத்தடுமாறினார். மகள் பிறந்தபோதே அவரும் மனைவியும் எடுத்த முடிவாம் அது. சிசிலியம் பேசினால் பள்ளிக்கூடத்தில் மட்டம்தட்டுவார்கள், அவள் மேலே வரவேண்டும், ஆகவே வீட்டில் அவளோடு அதில் ஒரு சொல்லும் கூடாது. அவளும் மேலே வந்துவிட்டாள். "அவளோடை கதைக்கேக்கை வேறை ஆரின்ரையோ சப்பாத்துக்குள்ளை காலை விட்டமாதிரிக் கிடக்கு, தம்பி" என்று ஒருநாள் முதலாளி என்னிடம் சொன்னார்.

அவள் அங்கே படித்தது என்ன தெரியுமா? லத்தீனையும் லத்தீனிலிருந்து வந்த மொழிகளையும். ஸ்பானியம், போர்த்துக்கீசியம், பிரெஞ்சு, ருமேனியம் என்று எல்லாவற்றையும் பற்றிப் படித்தாள். சிசிலியத்தைப் பற்றியும் பரீட்சை எழுதினாள். நான் கூவுவதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, சந்தையில் மட்டும் வழங்கும் ஏதாவது ஒரு சொல்லுக்கு என்னிடம் பொருள் கேட்பாள். எனக்கும் தெரியாது. நான் திரும்பி முதலாளியிடம் சிசிலியத்தில் கேட்பேன். அவர் காற்றாகச் சொல்லுவார். நான் அதை இத்தாலியமாக்கி அவளுக்குச் சொல்லுவேன். இரண்டு அடி தூரத்தில் நிற்கும் தகப்பனுக்கும் மகளுக்கும் நடுவில் யாழ்ப்பாணத்துத் தீவான் நான் நின்று மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். காய்கறிக்காரர் இதைப் பார்த்துத் தலையில் கை வைப்பார்.

ஒருநாள் நான் சிசிலியத்தை உடைந்த இத்தாலியம் என்று சொல்லப்போய் அவளிடம் வாங்கிக்கட்டினேன்.

"உடைந்த மொழி அன்று. இரண்டும் லத்தீன் பெற்ற பிள்ளைகள். ஒருத்தி பள்ளிக்கூடம் போனாள், மற்றவள் சந்தைக்குப் போனாள். இத்தாலியில் ஊருக்கு ஊர் இப்படி ஒரு பிள்ளை உண்டு. ஒருவர் எந்த ஊர் என்று அறிய, அவர் கோபத்தில் எதைப் பேசுகிறார் என்று கேட்டால் போதும்."

"அப்படியென்றால் நீங்கள் கோபம் வந்தால் எதைப் பேசுவீர்கள்?" என்று கேட்டேன்.

அவள் எலுமிச்சம்பழத்தைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றாள். "எனக்கு எல்லாம் புரியும். ஆனால் வாயில் வராது. என்னோடு யாரும் அதில் பேசியதில்லையே." முதலாளி அந்தப் பக்கம் திரும்பி ஐஸை அள்ளிக்கொண்டிருந்தார். அவர் காதில் அது விழுந்தது என்று எனக்குத் தெரியும். இருவரையும் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

நத்தாருக்கு முதல்நாள் பலேர்மோ முழுவதும் மீன்தான் சாப்பிடும். வருடத்தில் அதைவிடப் பெரிய வியாபாரம் கிடையாது. முதலாளி சொன்ன தவணையும் அதுதான். வாள்மீன் தலையை வாள் மேலே நோக்க நிறுத்தி, கணவாய், றால், சாளை எல்லாம் குவித்து வைத்திருந்தார். எங்களுடைய ஆட்களும் நிறைய வருவார்கள் என்று சொல்லியிருந்தேன். எல்லாம் தயார். என் தொண்டையைத் தவிர.

அதற்கு முதல் இரண்டு மூன்று நாளும் கோவில் கரோல் குழுவோடு வீடு வீடாகப் போனேன். பனிக்காற்றுக்குக் கழுத்தில் சால்வை சுற்றிக்கொள்ளச் சொன்னாள் மனைவி. மேல்சுருதி பாடுகிறவன் கழுத்தைச் சுற்றிக்கொண்டு பாடுவானா? அன்று காலை எழும்பி மனைவியைக் கூப்பிட்டேன், காற்றுத்தான் வந்தது. கொத்தமல்லித் தண்ணி அவித்துத் தந்தாள். ஏச்சும் தந்தாள். இரண்டாலும் குரல் வரவில்லை.

கடைக்குப் போய் முதலாளியிடம் வாயைத் திறந்து காட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இரண்டு ஊமைகள், நடுவில் ஒரு மலை மீன். எதிர்க்கடைக்காரரே விஷயம் விளங்கி வந்து எனக்கு ஓர் இருமல் இனிப்புக் கொடுத்தார். திரும்பிப் போய் முன்னைவிட இரண்டு மடங்கு உரத்துக் கூவினார். சனம் அங்கே போய் மொய்த்தது.

"நத்தார் வந்திட்டுது, தம்பி" என்றார் முதலாளி. கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

அந்த நேரம் மகள் கோப்பியோடு வந்தாள். குவியலைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள்.

"அப்பா, ஏன் யாரும் கூவவில்லை?"

நான் என் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். முதலாளி தலையாட்டினார்.

"குளிராக இருக்கிறது, மகளே. நீ வீட்டிற்குச் செல்."

அவள் போகவில்லை. கோப்பியைப் பலகையில் வைத்தாள். வெறும் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதில் ஏறி நின்றாள். நல்ல கம்பளிக் கோட்டு, படிப்புக் கண்ணாடி. வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. எதிர்க்கடைப் பக்கம் ஒருவர் சிரித்தார். அவள் முகம் சிவந்துவிட்டது. கோபம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

"உயிரோடை கிடக்கு, உயிரோடை!"

மெல்லிய குரல், ஆனால் சந்தையின் அந்தக் கோடிவரை போனது. அதே இழுப்பு, அதே வெட்டு, அதே தூக்கல். இத்தனை சனிக்கிழமையும் எலுமிச்சம்பழம் அடுக்கிக்கொண்டு அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கி வைத்திருக்கிறாள். நான் மூச்சு எடுக்கும் இடத்தில் அவளும் எடுத்தாள். நான் பிழைவிடும் இடத்தில் பிழையும் விட்டாள். முடிவில் பிசகாமல், "வாங்கோ, வாங்கோ!"

எதிர்க்கடைக்காரர் கூவுவதை நிறுத்தினார். தொப்பியைக் கழற்றினார். இம்முறை வளையவில்லை, சும்மா நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். கறுப்புச் சட்டை அம்மா கூடையோடு முதலாவதாக வந்தார், பின்னால் சனம் வந்தது. எனக்கு நிறுத்துக் கொடுக்கக் கை போதவில்லை. எங்கள் மூலை அன்றும் கைமாறவில்லை, அதற்குப் பிறகும் மாறவில்லை.

முதலாளி வாள்மீன் தலைக்குப் பின்னால் திரும்பி நின்று ஏப்ரனால் முகத்தைத் துடைத்தார். அது மீன்தண்ணியில் ஊறிய ஏப்ரன், அவர் கவனிக்கவில்லை.

"உன்னைமாதிரியெல்லோ கூப்பிடுறாள்" என்று என் காதுக்குள் சொன்னார்.

"இல்லை முதலாளி, உங்களைமாதிரி" என்றேன் நான், காற்றாக.

பெட்டியின் மேலே நின்றபடி அவள் குனிந்தாள். தகப்பனிடம்தான் கேட்டாள். நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

"அப்பா, இனி என்னத்தைச் சொல்லிக் கூப்பிட?"

அவர் சாளைக் குவியலைக் கையால் காட்டினார்.

"சாளையைச் சொல்லு, பிள்ளை" என்றார். "சாளையைச் சொல்லு."